ஐஸ் பெட்டிக்கு எத்தனை ஸ்டார்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி, எனக்குக் காத்து ஆகாது. தென்காசி வரைக்குமா போறீங்க? நான் ஆழ்வார்குறிச்சியில இறங்கிருவேன். எங்க அக்காவுக்கு இன்னைக்குப் பதினாறாம் நாள் விசேஷம். வீட்டுல உள்ளவ நேத்தே போயிட்டா. நமக்குச் சொந்தமா வேன் இருக்கு, பாத்துக்கிடுங்க. ஆனா அது இன்னைக்கு ஓட்டத்துல இருக்கு. அதான் பஸ்ஸு.

நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்லையே? மதுரையா. அம்பாசமுத்திரத்துல சொந்தக்காரங்க யாரும் உண்டா? எடிசன்னு ஒருத்தனைத் தெரியுமா? தெரியாதா. நல்லது. சும்மாதான் கேட்டேன், தப்பா நினைக்காதீங்க. யாரு யாருக்கு வேண்டியவன்னு முகத்தைப் பாத்துச் சொல்ல முடியலல்லா.

என் பேரு பொன்னுலிங்கம். நமக்குத் தொழில் ஐஸ் பெட்டி. ஐஸ்கிரீம் பெட்டி இல்ல. எழவு வீட்டுல, வெளியூர்ல இருந்து பிள்ளைக வந்து சேருத வரைக்கும் உடம்பை வச்சிருப்பாவல்லா, கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அது. வாடகைக்கு விடுதேன். சாந்தி ஃப்ரீசர் பாக்ஸ்னு அம்பையில கேட்டா சொல்லுவாவ. அம்பையில முத முதல்ல பெட்டி வாங்கினது நான்தான். அப்பல்லாம் மதுரையில இருந்தோ திருநெல்வேலியில இருந்தோ வரணும்.

போன ஐப்பசியில இருந்து போன் அடிக்கவே இல்ல. மழை கொட்டுது, வயசானவங்க பாடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். சாவு குறைஞ்சிட்டுன்னு சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக் கிடக்கு. நான் ஒவ்வொரு போஸ்டர் முன்னாடியும் வண்டியை நிறுத்திப் படிப்பேன். இந்த வீட்டுக்குப் பெட்டி யாரு கொடுத்தான்னு விசாரிப்பேன். எடிசன், எடிசன், எடிசன். எங்க கேட்டாலும் அந்தப் பேருதான்.

அவன் யாருன்னா, எங்கிட்ட டிரைவரா இருந்தவன். பெட்டியை எப்படித் தூக்கணும், எப்படிச் செங்குத்தா நிறுத்தாம ஏத்தணும், கரண்டு போனா என்ன செய்யணும், எல்லாம் எங்கிட்டப் படிச்சது. வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா ஆளு எனக்குப் பிடிபடவே இல்ல. ஒரு தடவை கல்லிடைக்குறிச்சிக்குப் பெட்டியை எடுக்கப் போனான். விடியக்காலம் போனவன் மத்தியானம் தாண்டி வாரான். எங்கல போனேன்னு கேட்டேன். "அந்த வீட்டுல தூக்க ஆளு பத்தல அண்ணாச்சி. சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்துட்டு வாரேன்"ங்கான். நீங்களே சொல்லுங்க தம்பி, பெட்டி எடுக்கப் போன இடத்துல எவனாவது சுடுகாடு வரைக்கும் போவானா? என் வேனை வச்சு வேற ஓட்டம் ஓட்டியிருக்கன்னு நேராச் சொல்லிட்டேன். சாவியை மேசையில வச்சான், போயிட்டான். தப்பு செய்யாதவன் எதிர்த்துல்லா பேசணும்? நான் அன்னைக்கே சிம் கார்டை மாத்திட்டேன். அவன்கிட்ட இருந்த நம்பரை வச்சுக்கிட்டு என்ன வேணும்னாலும் செய்வான்லா.

கொஞ்ச நாள்ல எங்கேயோ கடனை வாங்கிச் சொந்தமாப் பெட்டி போட்டுட்டான்.

எங்க வீட்டுல உள்ளவ பேரு செந்தூர்கனி. அவதான் சொன்னா, "இப்ப யாரு உங்க சுவர் விளம்பரத்தைப் பாக்கா? எல்லாரும் போன்லதான் தேடுதாவ. என் அக்கா மககிட்டப் போய்க் கேளுங்க"ன்னு. அவ அக்கா மக முப்புடாதி. கோர்ட்டு பக்கத்துல இ-சேவை மையம் வச்சிருக்கு. கெட்டிக்காரப் பிள்ளை. கெட்டிக்காரங்ககிட்ட நாம கொஞ்சம் பாத்துத்தான் இருக்கணும், இருந்தாலும் போனேன்.

அது கம்ப்யூட்டர்ல நம்ம கடையைத் தேடிச்சு. "சித்தப்பா, உங்க கடை ஏற்கெனவே மேப்ல இருக்கு"ன்னுது. நான் போடவே இல்லையே, யாரு போட்டதுன்னு கேட்டேன். கடையோட பேரு சரியாத்தான் இருக்கு. ஆனா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காட்டுது. நாம அங்க இருந்து மாறி வந்தாச்சு. அதுல போட்டிருந்த போன் நம்பரைப் பாத்தேன். என்னோட பழைய நம்பரு.

"இதுக்குத்தான் எல்லாரும் அடிச்சிருப்பாங்க சித்தப்பா. நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு வந்ததும் அடுத்த கடைக்குப் போயிருப்பாங்க. நம்பரை மாத்தினா இங்கயும் மாத்தணும்லா?"

"நான் மாத்தினது அவனுக்குத் தெரியக் கூடாதுன்னுல்லா."

"அவருக்குத் தெரியல. ஆனா ஊருக்கே தெரியாமப் போச்சே."

பெறவு எதையோ அமுக்கிப் பாத்துட்டு, இதைப் போட்டவங்க ஈமெயில்ல எடிசன்னு இருக்குன்னு சொல்லிச்சு.  வேலைக்கு இருந்த காலத்துலயே என் கடையைத் தன் பேருல எழுதிக்கிட்டான் பாத்தீங்களா? முப்புடாதி சிரிக்குது. "கடைக்கு ஆள் வரட்டும்னு நல்லதுக்குத்தான் போட்டிருப்பாரு. இது பத்திரம் இல்ல, பயப்படாதீங்க. நம்ம பேருக்கு மாத்திக் கொடுங்கன்னு கேப்போம்"னுது. கேட்டுச்சு. அன்னைக்குச் சாயந்தரமே அவன் சரின்னு அமுக்கிட்டான்.

ஒரு வார்த்தை கேக்கல. ஒரு போன் பண்ணல. கேட்டதும் கொடுத்துட்டான். அதைத்தான் நான் இன்னும் யோசிக்கேன். தொழில்ல போட்டி போடுதவன் எதுக்கு அவ்வளவு சுருக்காக் கொடுக்கணும்? எங்கேயோ ஏதோ வச்சிருக்கான்.

அதுக்கு ஓடிபி வேணும்னு பிள்ளை கேட்டுச்சு. யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்கன்னு டிவியில கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுதான்லா. நான் போனை அந்தாலத் திருப்பி வச்சுக்கிட்டு, நானே கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணாத் தட்டினேன். தட்டி முடிக்கதுக்குள்ள நேரம் போயிட்டுன்னு வந்துட்டு. மறுபடி, மறுபடி. கடைசியில பிள்ளை கையைக் கட்டிக்கிட்டு வெளிய போய் நின்னுட்டு. "முடிச்சதும் கூப்பிடுங்க சித்தப்பா"ன்னு.

ஆனா வேலையைச் சுத்தமாச் செஞ்சிச்சு, அதைச் சொல்லணும். புது நம்பரு, புது இடம். கடை இத்தனை மணிக்கு மூடும்னு போட்டிருந்ததை எடுத்துட்டு எந்நேரமும் உண்டுன்னு போட்டுச்சு. எந்தெந்த ஊருக்குப் பெட்டி வரும்னு எழுதிச்சு. பெட்டியைக் கழுவித் துடைச்சு, வேன் பக்கத்துல வச்சுப் படம் எடுத்துப் போட்டுச்சு. படத்துல நானும் நிக்கணும்னுது. வேண்டாம்னேன். நம்ம முகத்தை எடுத்து வச்சு எவன் என்ன செய்வானோ.

போன் அடிக்க ஆரம்பிச்சிட்டு. உண்மையைச் சொல்லணும்லா. ஆனாலும் தேடினா அவன் கடைதான் முதல்ல வருது, நம்மது அதுக்குக் கீழ. ஏன்னு கேட்டேன்.

"அவருக்கு நிறையப் பேரு நல்லா எழுதியிருக்காங்க. உங்களுக்கு யாரும் எழுதலையே. பெட்டி எடுத்தவங்ககிட்ட ரெண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்க."

எழவு வீட்டுல போய் நின்னு, அம்மா, அழுது முடிச்சதும் எனக்கு ஸ்டார் போடுங்கன்னு கேக்கவா? முடியாதுன்னுட்டேன். சரி, அவனுக்கு என்னதான் எழுதியிருக்காவன்னு வாசிக்கச் சொன்னேன். ஒருத்தி எழுதியிருக்கா, எங்க அப்பாவைப் பெட்டியில வைக்கும்போது தலைக்குக் கீழ கையைக் கொடுத்து, பிள்ளையைப் படுக்க வைக்குத மாதிரி வச்சாருன்னு. ஒருத்தர், அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி போட்டாத்தான் அம்மா மாதிரி இருக்கும்னு எடிசன் அண்ணன் சொன்னாரு, நாங்க மறந்தே போயிட்டோம்னு. இதெல்லாம் நம்பும்படியாவா இருக்கு? ஒரு வாடகைப் பெட்டிக்கு எவனாவது இப்படி எழுதுவானா? காசு கொடுத்து எழுத வச்சிருக்கான், இல்லன்னா இவனே உக்காந்து எழுதியிருக்கான். முப்புடாதிகிட்டச் சொன்னேன். அது டீ வாங்கிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயிட்டு.

அந்த வாரத்துலதான் நமக்கும் ஒண்ணு வந்துச்சு. முத முதல்ல வந்தது. ஒரே ஒரு ஸ்டாரு. "பெட்டியை விட ஆளு மனசு விறைச்சுக் கிடக்கு. கூப்பிடாதீங்க." கீழ தளவாய்னு பேரு.

எனக்கு யாரு வேலைன்னு தெரியாதா? முப்புடாதியைப் பக்கத்துல உக்கார வச்சு, பதில் போடுன்னேன். "எடிசா, பேரை மாத்தி எழுதினாலும் இது நீதான்னு எனக்குத் தெரியும். உப்பிட்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் நீ." அப்படியே போடுன்னேன்.

"சித்தப்பா, இது எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

"அவரா இல்லாட்டா?"

"நீ யாரு பக்கம்?"

அந்தப் பிள்ளை முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. தட்டிப் போட்டுட்டு. அதுக்குப் பெறவு எங்கிட்ட நின்னு பேசுததைக் குறைச்சுக்கிட்டு.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு போன். "சாந்தி ஃப்ரீசர் பாக்ஸா? நான் எடிசன் இல்லைங்க. தளவாய். வீரவநல்லூர். பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன்"னு நிதானமாச் சொன்னாரு. இதுவும் அவன் ஏற்பாடுதான்னு நினைச்சேன். நேர்ல போய்ப் பாத்திரணும்னு வண்டியை எடுத்துட்டு வீரவநல்லூர் போனேன்.

வீட்டைப் பாத்ததும் ஞாபகம் வந்துட்டு. வாசல்ல பன்னீர் மரம். முந்தின வருசம் நானே பெட்டி கொண்டு போன வீடுதான். உள்ள அந்தம்மா படம் மாலையோட இருக்கு. தளவாய் அவரு கையால காப்பி போட்டுக் கொண்டாந்தாரு. கண்டக்டர் வேலை பாத்தவருக்குச் சில்லறை விஷயம்லாம் ஞாபகம் இருக்கும் போல. எல்லாத்தையும் சொல்லுதாரு.

"என் மக மஸ்கட்ல இருந்து வந்தா. வந்ததும் ஓடி வந்து கண்ணாடி மேல விழுந்தா. நீங்க அவ தோளைப் பிடிச்சு இழுத்தீங்க. சாயாதீங்க, உடைஞ்சா யாரு பொறுப்புன்னு கேட்டீங்க. பெறவு அவ அந்தப் பெட்டிக்கிட்டப் போகவே இல்ல. தூரத்துலயே உக்காந்து பாத்துட்டு, அம்மாவை அனுப்பிட்டா."

தம்பி, இதுல நான் என்ன தப்பு செஞ்சேன்? பெட்டி நம்மது. கண்ணாடி மாத்தணும்னா கோயம்புத்தூர்ல இருந்து வரணும். அழுதவங்களுக்குத் தன் பலம் தெரியாது. நான் பாக்காம வேற யாரு பாப்பா? அதைத்தான் அவர்கிட்டயும் சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. "நீங்க சொல்லுதது சரிதான்"னாரு. சரின்னு ஒத்துக்கிட்டவரு எழுதினதை எடுக்கலாம்லா? எடுங்கன்னேன்.

"எழுதினது நான்தான்னு உங்களுக்கு இப்பத் தெரிஞ்சு போச்சு. யாரோ எடிசனைத் திட்டியிருக்கீங்களே, அதை முதல்ல நீங்க எடுங்க. என்னோடதைப் பெறவு பாப்போம்."

நான் எடுக்கல. வரும்போது அவரு போன்ல எடிசன் நம்பர் இருக்கான்னு கேட்டேன். அவரு போனை எங்கிட்ட நீட்டிட்டாரு, நீங்களே பாத்துக்கிடுங்கன்னு. பாத்தேன். இல்ல. இல்லன்னா என்ன, அழிச்சிருக்கலாம்லா.

சரி, இது எல்லாத்தையும் உங்ககிட்ட எதுக்குச் சொல்லுதேன்னு நினைப்பீங்க. சொல்லுதேன்.

எங்க அக்கா பேரு வேலம்மா. எங்க அம்மா போனதுக்குப் பெறவு என்னை வளத்தவ. கல்யாணம் ஆகிப் போகும்போது என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போனா. இந்த மாசம் முதல்ல, காலையில இட்லி அவிக்க எந்திரிச்சவ அடுப்படியிலயே உக்காந்து, அப்படியே போயிட்டா. மூத்த பையன் பெங்களூர்ல. அவன் வரணும். பெட்டி வேணும். அன்னைக்குன்னு பாத்து என்னோட ரெண்டு பெட்டியும் வெளிய இருக்கு. ஒண்ணு பாபநாசத்துல, ஒண்ணு முக்கூடல்ல. மேப்ல பாத்துக் கூப்பிட்ட ஆளுகதான் ரெண்டும். எழவு வீட்டுல போய்ப் பாதியில பெட்டியைக் கொடுங்கன்னு கேக்க முடியுமா?

நான் அந்தாலயும் இந்தாலயும் போன் அடிச்சுக்கிட்டு நிக்கேன். திருநெல்வேலியில ஒருத்தன் வரதுக்கு நேரமாகும்ங்கான். செந்தூர்கனி தன் போனை எடுத்தா, ஒரு நம்பரை அமுக்கினா, "தம்பி, எங்க நாத்தனாரு தவறிட்டா. ஆழ்வார்குறிச்சி"ன்னா. அவ்வளவுதான் பேசினா. யாருக்குன்னு கேட்டேன். என்னைப் பாத்தா.  அவ போன்ல அவன் நம்பர் எத்தனை காலமா இருக்குன்னு அதுக்கு மேல நானும் கேக்கல.

வந்தான். வேனை வாசல்ல நிறுத்தாம, தெரு முக்குலயே நிறுத்திட்டு, நடந்து வந்து முதல்ல அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெறவு போய்ப் பெட்டியை எடுத்துட்டு வந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை, "அண்ணாச்சி, தலைமாட்டைப் பிடிங்க"ன்னான். எத்தனையோ பேரைத் தூக்கி வச்சிருக்கேன் தம்பி. அன்னைக்கு அக்கா தலை என் கையில நிக்காமச் சாயுது. அவன் பாத்தான். இன்னொரு கையைக் கீழ கொடுத்துத் தாங்கிக்கிட்டான்.

மத்தியானம் எங்க அக்காவோட மக வந்தா, திருப்பூர்ல இருந்து. வந்ததும் மூடி மேல விழுந்துட்டா. கண்ணாடி கடகடன்னு ஆடிச்சு. நான் என்னையறியாம, "ஏ பிள்ள, சாயாத, கண்ணாடி"ன்னு சத்தம் போட்டுட்டேன். என் பெட்டி கூட இல்ல, பாருங்க. அவன் பெட்டி. அந்தப் பிள்ளை அப்படியே எந்திரிச்சு நின்னு என்னைப் பாத்துச்சு.   சுத்தி உக்காந்திருந்த பொம்பளைகளும் அழுகையை நிறுத்திட்டாவ.

எடிசன் பின்னால நின்னான். "சாயட்டும் அண்ணாச்சி. தாங்கும்"னான். பெறவு அந்தப் பிள்ளைகிட்ட, "இந்தப் பக்கம் வாம்மா, இங்கன இருந்து பாத்தா முகம் நல்லாத் தெரியும்"னு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். அது உக்காந்து, கண்ணாடியில கன்னத்தை வச்சுக்கிட்டு, சாயந்தரம் மூத்தவன் வந்து எடுக்குத வரைக்கும் அப்படியே இருந்துச்சு.

உடைஞ்சிருந்தா? நட்டம் யாருக்கு? அவனுக்குத்தான. அதை யோசிக்காதவன் எப்படித் தொழில் நடத்துதான்னுதான் எனக்குப் புரியல. அவ்வளவு பேரு பாக்காவன்னு செஞ்சிருப்பான்னு வீட்டுல சொன்னேன். செந்தூர்கனி வெளக்கைத் துடைச்சுக்கிட்டு இருந்தவ, திரும்பிப் பாக்காமச் சொல்லுதா, "சரி, அப்படியே இருக்கட்டும். நீங்களும் நாலு பேரு பாக்க ஒரு தடவை செய்யுங்களேன்"னு.

அன்னைக்கு அவன் பெட்டியை எடுத்துட்டுப் போகும்போது வேன் கிட்ட நானும் போனேன். கயித்தைக் கட்டிக்கிட்டே சொன்னான். "அண்ணாச்சி, அந்தப் பதிலைப் பாத்தேன். எங்க மகளும் பாத்துட்டா. பிளஸ் டூ படிக்கா. உப்பிட்ட வீட்டுக்கு நீங்க என்னப்பா செஞ்சீங்கன்னு கேட்டா." அவ்வளவுதான். கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் முப்புடாதிகிட்டப் போய் அதை எடுத்துரு பிள்ளன்னேன். ஏன்னு கேக்கல. எடுத்துட்டு, "பாத்தவங்க பாத்தாச்சே சித்தப்பா"ன்னு மட்டும் சொல்லிச்சு. அது மனசுல கிடந்து உறுத்துது. அழிச்சாலும் பாத்தவங்களுக்கு அழியாதுல்லா. அப்ப அதுக்கு மேல வேற ஒண்ணுதான் எழுதணும். முப்புடாதிகிட்டச் சொல்ல எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. வீட்டுல சொன்னா அவ என்னை ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியாது. நீங்க யாரோ. தென்காசிக்குப் போறீங்க. நாம இனிமே பாத்துக்கிடப் போறதில்ல.

இந்தாங்க, என் போனு. இருங்க, பேட்டர்ன் நான் போடுதேன், அந்தப் பக்கம் பாருங்க. ஆங். எடிசன் ஃப்ரீசர் பாக்ஸ், அம்பாசமுத்திரம்னு தேடுங்க. முதல்ல வரும். வந்துட்டா? வரும், எனக்குத் தெரியும்.

எத்தனை ஸ்டாருன்னு கேக்குதா? நாலு போடுங்க. அஞ்சு போட்டா அவன் இன்னும் மேல போயிருவான்லா. நமக்கும் தொழில் இருக்கு. போட்டுட்டீங்களா? இருங்க, இருங்க. நாலு போட்டா ஒண்ணு எதுக்குக் குறைச்சான்னு ஆளுக கேப்பாவளோ? அவன் மக பாக்கும். எங்க அப்பா என்ன குறை வச்சாருன்னு நினைக்கும். ஒரு குறையும் இல்லதான். சரி, அஞ்சே போடுங்க. ஒரு தடவைதான.

எழுதணுமா? என்ன எழுத. எனக்கு அப்பாவைப் பத்தி அந்தப் பொண்ணு எழுதின மாதிரி எல்லாம் எழுத வராது. சுருக்கமாப் போடுங்க. "எங்க அக்காவுக்குப் பெட்டி கொண்டு வந்தான்." போட்டாச்சா? "நல்லபடியாப் பாத்துக்கிட்டான்."

என் பேரும் கீழ வருமா? முழுசாவா? ஊர்ல எல்லாரும் பாப்பாவளே. சரி, வரட்டும். பேரு இல்லாம எழுதினா அதையும் அவன்தான் எழுதினான்னு எவனாவது சந்தேகப்படுவான்.

அமுக்கிராதீங்க, ஒரு நிமிசம். வாசிங்க பாப்போம், என்ன இருக்குன்னு.

வந்தான், பாத்துக்கிட்டான்னா இருக்கு? அதை மாத்துங்க தம்பி. வந்தாரு. வந்தாரு, பாத்துக்கிட்டாருன்னு போடுங்க.